துண்டு போட்ட இடம்

பதினொன்று என்ற எண்ணோடு செம்மொழிக்கு அதுவரை எந்தப் பகையும் இருந்ததில்லை. அந்த வெள்ளிக்கிழமை ஆசிரியர் கூட்டத்தில் முதல்வர் தியாகராசன் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டு, "பதினொன்னு" என்று நிதானமாக வாசித்துத் தாளைக் கவிழ்த்து வைத்தாரே, அந்த நிமிடத்திலிருந்துதான் பகை தொடங்கியது. எண்ணூறு மாணவர்களும் அறுபது ஆசிரியர்களும் உள்ள பொன்னித்துறை வேளாண் கல்லூரி, போன ஜூலையிலிருந்து இந்த ஜூன் வரை, நாற்பது மின்னிதழ்களிலிருந்து பதிவிறக்கிய கட்டுரைகள் மொத்தம் பதினொன்று. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். சிரித்தது யார் என்று திரும்பிப் பார்க்காமல் இருக்க நூலகர் செம்மொழி பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும்.

அந்த நாற்பது இதழ்களைக் கல்லூரிக்குள் கொண்டுவர அவள் மூன்று வருடம் நடையாய் நடந்திருந்தாள். மண், நீர், நெல் இந்த மூன்றையும் பற்றி உலகத்தில் எங்கே எது ஆராயப்பட்டாலும் அவற்றில் ஏதாவது ஒன்றில் வந்துவிடும். சுற்றிலும் வயல், வாசலில் வாய்க்கால், உள்ளே இருப்பதெல்லாம் பதினைந்து வருடத்துக்கு முந்தைய புத்தகம் என்றால் யாருக்குத்தான் பொறுக்கும். கடைசியில், இருப்பதிலேயே மலிவான சந்தாவாகப் பார்த்து வாங்கிக் கொடுத்தார்கள். ஒரே நேரத்தில் ஒருவர் மட்டும் உள்ளே போய்ப் படிக்கலாம். ஒரு கல்லூரிக்கு ஒற்றை நாற்காலி. அதுவே பெரிது என்று அவள் வாங்கிக்கொண்டாள்.

முதல் வருடக் கணக்கு ஒன்பது. புதுசுதானே என்று விட்டுவிட்டார்கள். இந்த முறை விடுவதாக இல்லை. தியாகராசன் பரம்பரையாக நிலபுலன் உள்ள குடும்பம். எதையும் நெல்லில்தான் கணக்குப் பார்ப்பார். சந்தாவைப் பதினொன்றால் வகுத்தால் ஒரு கட்டுரையின் விலையில் பத்து மூட்டை சம்பா வாங்கலாம் என்றார். தானும் நாலு தடவை முயன்று பார்த்ததாகவும், ஒரு நாளும் அது தனக்குத் திறந்ததில்லை என்றும் சொன்னார். வியாழக்கிழமை மூன்று மணிக்கு நூலகக் குழு கூடும். அதற்குள் இந்தப் பதினொன்றுக்கு ஒரு விளக்கம் வரவில்லையென்றால் சந்தா நிறுத்தப்படும் என்று சொல்லி எழுந்து போய்விட்டார்.

செம்மொழிக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. ஏனென்றால் அவளைப்போல ஒரு நூலகர் அந்த வட்டாரத்தில் கிடையாது. இதை அவளே சொல்லிக்கொள்ளமாட்டாள், நாம் சொல்லலாம். அவளுடைய அப்பா ஐயாவு, பஸ்ஸில் பாதி இருக்கை காலியாக இருந்தும் உட்காரத் துணியாமல், கம்பியைப் பிடித்துக்கொண்டு கும்பகோணம் வரை நின்றே போன காலத்து ஆள். இன்று இரண்டு ஏக்கர் குத்தகைக்கு எடுத்துச் சொந்தமாகப் பயிர் செய்கிறார். ஆனால் மகள் மறக்கவில்லை. தன் நூலகத்துக்கு வருகிற யாரும் ஒரு நிமிடம்கூட நிற்கக் கூடாது என்பது அவளுடைய சபதம். ஆகவே காலை ஒன்பது மணிக்குக் கதவைத் திறந்ததும் முதல் வேலையாகத் தன் மேசைக் கணினியைப் போட்டு, மின்னிதழ்ப் பக்கத்துக்குள் நுழைந்து, யார் வந்தாலும் உடனே உட்கார்ந்து படிக்கத் தோதாகத் திறந்து வைத்துவிடுவாள்.

அந்தப் பக்கத்துக்கு ஒரு குணம் உண்டு. அரைமணி நேரம் யாரும் தொடவில்லையென்றால், "இன்னும் இருக்கிறீர்களா?" என்று கேட்கும். செம்மொழி "ஆம்" என்பதை அழுத்துவாள். மதியம் மேசையிலேயே சாப்பிடும்போது, ரசம் சாதத்துக்கும் மோர் சாதத்துக்கும் நடுவில் இடது கையால் அழுத்துவாள். மாலை ஐந்து மணிக்கு நூலகத்தோடு கல்லூரியின் இணையத்தையும் நிறுத்துகிற வரை அவளுக்கு இந்த வேலை தவறியதே இல்லை. இவ்வளவு செய்தும் பதினொன்றா என்பதுதான் அவளுடைய ஆத்திரம்.

கூட்டம் முடிந்து நூலகத்துக்குத் திரும்பியபோது அங்கே பூர்ணிமா காத்துக்கொண்டிருந்தாள். மண்ணியல் துறையில் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிறவள்; கடல் நீர் ஏறிக் கெட்டுப்போன வயல்களைப் பற்றியது அவள் ஆராய்ச்சி. அவளிடம் செம்மொழி கொஞ்சம் சூடாகவே கேட்டுவிட்டாள், உங்களைப் போன்றவர்களே படிக்காவிட்டால் யாருக்காக இதை வாங்கினேன் என்று. பூர்ணிமா விழித்தாள். தான் சனிக்கிழமைதோறும் திருச்சிக்குப் பஸ் ஏறி, அங்கே ஒரு கல்லூரியில் தெரிந்தவர் தயவில் அதே இதழ்களைப் படித்துவிட்டு வருவதாகச் சொன்னாள்.

"இங்க இருக்கறதை விட்டுட்டு ஏன் அங்க போறீங்க?"

"இங்க எப்ப போனாலும் ஃபுல்லா இருக்கு மேடம். இடமில்ல, அப்புறமா வாங்கன்னு வருது. நம்ம காலேஜ்ல இவ்வளவு பேர் படிக்கிறாங்களேன்னு நெனச்சுக்கிட்டேன்."

வருடத்துக்குப் பதினொரு பேர் ஏறிய பஸ் எப்படி எப்போதும் நிறைந்திருக்கும்? சனி, ஞாயிறு இரண்டு நாளும் இந்தக் கேள்வி செம்மொழியைச் சும்மா விடவில்லை. குழம்பில் உப்பை இரண்டு தடவை போட்டாள். திங்கட்கிழமை காலை முதல் வேலையாக, வழக்கம்போலப் பக்கத்தைத் திறந்து வைத்துவிட்டு, சந்தா நிறுவனத்தின் சென்னை அலுவலகத்துக்குப் போன் போட்டாள். ஷம்சாத் என்ற பெண் எடுத்தார்.

ஷம்சாத் பொறுமைசாலி. வருட அறிக்கையில் இரண்டாவது தாள் ஒன்று உண்டே, பார்த்தீர்களா என்று கேட்டார். செம்மொழி பார்த்ததில்லை, முதல்வர் கேட்பது முதல் தாளைத்தான், அவளும் அதைத்தான் அச்செடுத்துக் கொடுப்பாள். இரண்டாவது தாளின் தலைப்பு, இடமில்லாமல் திருப்பி அனுப்பப்பட்டவர்கள். கோப்பைத் திறந்து கீழே வந்து மொத்தத்தைப் பார்த்தாள். இரண்டாயிரத்து முன்னூற்று நாற்பது.

செம்மொழிக்கு நாற்காலியில் உட்கார முடியவில்லை. இரண்டாயிரத்து முன்னூற்று நாற்பது தடவை இந்தக் கல்லூரியில் யாரோ படிக்க ஆசைப்பட்டு வாசல்வரை வந்திருக்கிறார்கள். கூட்டத்தில் சிரித்தவர் இப்போது எதிரே வந்தால் இந்தத் தாளை அவர் சட்டைப் பையில் மடித்து வைத்திருப்பாள். ஆனால் ஷம்சாத் இன்னொன்றும் சொன்னார். அந்த ஒற்றை இடத்தில் ஒரே ஒரு கணினி நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறது. எதுவும் படிப்பதில்லை, எதையும் இறக்குவதில்லை, சும்மா உட்கார்ந்திருக்கிறது. யார் என்று தெரிய வேண்டுமானால் நாள்வாரிப் பதிவை மதியம் அனுப்பிவைக்கிறேன் என்றார்.

அந்த ஆள் மட்டும் கையில் கிடைக்கட்டும் என்று செம்மொழி கறுவிக்கொண்டாள். மண்ணியல் பேராசிரியர் லியாகத் அலிக்கு இதைப் பற்றி ஏற்கெனவே ஒரு சந்தேகம் உண்டு. பயிர்ப்பெருக்கத் துறைக்காரர்கள்தான் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று முடிவு கட்டி, ஒரு வருடமாக அவர்களோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அவர் சொன்னது சரியாகத்தான் இருக்கும் என்று அவளும் நினைத்தாள்.

மதியம் இரண்டு மணிக்குப் பதிவு வந்தது. முதலில் அவள் அந்தப் பதினொன்றைத் தேடினாள். அவை மூன்றே நாட்களில் நடந்திருந்தன. ஜூலையில் ஒரு நாள் நான்கு, ஐப்பசியில் ஒரு நாள் ஐந்து, தை மாதத்தில் ஒரு நாள் இரண்டு. தேதிகள் எங்கோ பார்த்த மாதிரி இருந்தன. ஜூலையில் அது அப்பாவுக்குத் தஞ்சாவூரில் கண் ஆபரேஷன் நடந்த நாள். ஐப்பசியில் தங்கையின் வளைகாப்பு. தையில் சீர்காழியில் சித்தி மகளின் கல்யாணம். வருடத்தில் மூன்றே மூன்று நாள்தான் லீவு எடுத்திருக்கிறேன் என்று அவள் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொள்கிற அந்த மூன்று நாட்கள்.

அவள் இல்லாத நாட்களில் மட்டும் கல்லூரி படித்திருக்கிறது.

உட்கார்ந்திருந்த கணினியின் எண்ணைப் பார்க்கத் தேவையே இல்லை. இருந்தாலும் பார்த்தாள். தன் மேசைக் கணினியின் பக்கவாட்டில், தானே எழுதி ஒட்டிய எண்ணோடு ஒத்துப் பார்த்தாள். கட்டுரையைத் திறந்தால்தான் இடம் போகும் என்று நினைத்திருந்தாள். பக்கத்தில் நுழைந்தாலே போய்விடுமாம். எல்லோரும் அவரவர் அறைக் கணினியிலிருந்தே முயன்றிருக்கிறார்கள்; நூலகர் மேசைக்கு வந்து கேட்க யாருக்கும் தோன்றவில்லை. யாரும் நிற்கக் கூடாது என்று சபதம் செய்தவள், ஒரு கல்லூரியையே இரண்டு வருடமாக வாசலில் நிற்க வைத்திருக்கிறாள். வெட்கத்தில் அவளுக்குக் காதெல்லாம் சுட்டது.

சரியாக அந்த நேரம் பார்த்துத் திரையில் வழக்கமான கேள்வி வந்தது. இன்னும் இருக்கிறீர்களா?

செம்மொழி இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டாள். கேள்வி கொஞ்ச நேரம் நின்று பார்த்தது. பிறகு பக்கம் தானாக மூடிக்கொண்டது. பத்து நிமிடம் கழித்துப் பூர்ணிமா, செருப்பைக்கூட வெளியே விடாமல் உள்ளே ஓடிவந்தாள். இன்றைக்கு என்ன அதிசயமோ, தன் லேப்டாப்பில் திறந்துவிட்டது, மூன்று கட்டுரை எடுத்துவிட்டேன் என்றாள். அவள் முகத்தைப் பார்த்தபோது செம்மொழிக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, எங்கேயாவது போய் ஒளிந்துகொள்ளலாம் போலவும் இருந்தது.

இனி அவள் முன்னால் இரண்டு வழி இருந்தது. இரண்டாவது தாளை மட்டும் குழுவிடம் காட்டி, ஏதோ கணினிக் கோளாறு என்று சொல்லிவிடலாம். ஷம்சாத் காட்டிக்கொடுக்கப் போவதில்லை. உண்மையைச் சொன்னால் கல்லூரி கேண்டீனில் ஒரு மாதத்துக்கு வேறு பேச்சே இருக்காது. இந்த நாற்காலிக்கு வர அவள் மற்றவர்களைவிட இரண்டு மடங்கு சரியாக இருக்க வேண்டியிருந்தது. தவறு செய்ய அவளுக்கு மட்டும் சலுகை கிடையாது என்று நன்றாகத் தெரியும். ஆனால் கோளாறு என்று சொன்னால், கோளாறான சாமானை எதற்கு வாங்க வேண்டும் என்று தியாகராசன் கேட்பார். அப்போது இதழ்கள் போய்விடும். அன்று இரவு சாப்பிட உட்காருவதற்கு முன்பே அவள் முடிவு செய்துவிட்டாள்.

செவ்வாய், புதன் இரண்டு நாளும் அவள் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, அறிவிப்பும் ஒட்டவில்லை. செய்தது ஒன்றே ஒன்று, பக்கத்தைத் திறக்கவில்லை. காலை ஒன்பது மணிக்குக் கை தானாக அங்கே போகும்; இழுத்துக்கொள்வாள். செவ்வாய்க்கிழமை மாலை எண்ணிக்கையைப் பார்த்தபோது நாற்பத்து மூன்று. செய்தி எப்படியோ பரவிவிட்டது. புதன்கிழமை தொண்ணூற்று ஏழு. வியாழக்கிழமை மதியத்துக்குள் இன்னும் அறுபத்தொன்று. அத்தனையும் அதே ஒற்றை நாற்காலியில், ஒருவர் எழ ஒருவர் உட்கார்ந்து.

வியாழன் மூன்று மணிக்குக் குழு கூடியது. முதல்வர், லியாகத் அலி, வேறு இரண்டு பேராசிரியர்கள், ஆராய்ச்சி மாணவர்கள் சார்பில் பூர்ணிமா. ஜன்னலுக்கு வெளியே வாய்க்காலில் ஆடித் தண்ணீர் கரை தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. செம்மொழி இரண்டாவது தாளை எல்லோருக்கும் கொடுத்துவிட்டு, அதன் அர்த்தத்தை விளக்கினாள். இரண்டாயிரத்து முன்னூற்று நாற்பது என்றதும் லியாகத் அலி நிமிர்ந்து உட்கார்ந்து, தான் அப்போதே சொன்னதாகவும், பயிர்ப்பெருக்கத் துறையை விசாரிக்க வேண்டும் என்றும் ஆரம்பித்தார்.

"அவங்க இல்ல சார்" என்றாள் செம்மொழி. "அந்த ஒரு சீட்டுல ரெண்டு வருஷமா உக்காந்திருந்தது நான்தான்."

தியாகராசன் கண்ணாடியைக் கழற்றினார். "நீங்க என்ன படிச்சீங்க?"

"ஒண்ணுமே படிக்கல சார். வர்றவங்களுக்கு ரெடியா இருக்கட்டும்னு தெனம் காலையில திறந்து வச்சேன். திறந்து வச்சாலே இடம் போயிடும்னு எனக்குத் தெரியல. பஸ்ஸுல ஜன்னல் வழியா துண்டு போட்டு இடம் பிடிப்பாங்கல்ல, அந்த மாதிரி. ரெண்டு வருஷமா துண்டைப் போட்டு வச்சிட்டு, ஏன் யாரும் உக்கார மாட்டேங்கிறாங்கன்னு கேட்டுக்கிட்டிருந்தேன். தப்பு என்னோடது. ஜர்னலோடது இல்ல."

பிறகு தன் மூன்று நாள் லீவையும் அந்தப் பதினொன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினாள். திங்கட்கிழமை மதியம் துண்டை எடுத்ததையும், அதற்கு மறுநாளிலிருந்து இந்த நேரம் வரை பதிவிறக்கப்பட்டவை இருநூற்றொன்று என்பதையும் சொன்னாள். கடைசியாக, ஷம்சாத் அனுப்பிய பதிவிலிருந்து எடுத்த, திருப்பி அனுப்பப்பட்டவர்கள் எந்தெந்த அறையிலிருந்து வந்தார்கள் என்ற பட்டியலை முதல்வர் முன்னால் வைத்தாள்.

"உங்க ரூம்லேருந்து முப்பத்தேழு தடவை சார். நாலு தடவைன்னு சொன்னீங்க."

தியாகராசன் பட்டியலைப் பார்த்தார். அவர் முகம் முதலில் சிவந்தது. நீரில்லாத கடைமடை வயல்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுத நினைத்து, திரும்பத் திரும்ப முயன்று, தனக்குத்தான் கணினி தெரியவில்லை போலிருக்கிறது என்று யாரிடமும் சொல்லாமல் விட்டுவிட்டதை அவர் அங்கேதான் ஒப்புக்கொண்டார். ஆனால் தோற்றுப் போகிற மனிதர் அல்ல. சரி, இருநூற்றொன்று இறக்கினார்கள், இறக்கியதையெல்லாம் படித்தார்கள் என்று என்ன நிச்சயம் என்று கேட்டார். நியாயமான கேள்விதான். உலகத்து நூலகங்கள் எல்லாம் எண்ணி எண்ணி ஓய்ந்து நிற்கிற இடம் அது. செம்மொழியிடம் அதற்கு எண் எதுவும் இல்லை.

பூர்ணிமா எழுந்தாள். போன ஜூலையில் ஒரே ஒரு நாள் எப்படியோ திறந்தபோது அந்த நான்கையும் இறக்கியது தானே என்றாள். அவற்றைப் படித்துத்தான் சீர்காழிப் பக்கம், உப்பு ஏறிய அரை ஏக்கரில், விதைப்பையும் தண்ணீர் விடுகிற முறையையும் மாற்றிப் பார்த்திருக்கிறாள். போன சம்பாவில் சுற்றுவட்டாரமெல்லாம் நுனி கருகி நின்றபோது அந்த அரை ஏக்கர் மட்டும் பச்சையாக நின்று கதிர் வாங்கியது. இந்த வருடம் பக்கத்து வயல்காரர்கள் ஆறு பேர் அதே முறையைக் கேட்டு வந்திருக்கிறார்கள்.

"அந்த நாலு பேப்பரை இந்தத் தாள்ல நாலுன்னு எழுதியிருக்காங்க சார். அந்த ஆறு பேர் வயலை எந்தத் தாள்ல எழுதுவாங்க?"

முதலில் சிரித்தவர் லியாகத் அலிதான். ஒரு வருடமாகப் பயிர்ப்பெருக்கத் துறையில் யாருக்கும் வணக்கம் சொல்லாமல் போனதை நினைத்து அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. சிரிப்பு தியாகராசனையும் தொற்றிக்கொண்டது. செம்மொழி தலைகுனியத் தயாராக நின்றாள். ஆனால் அது வெள்ளிக்கிழமைச் சிரிப்பு இல்லை என்று அவளுக்கே தெரிந்தது. தியாகராசன் குழுவின் தீர்மான நோட்டை இழுத்து, சந்தா தொடரும் என்று எழுதினார். கொஞ்சம் யோசித்து, ஒரு இடம் என்பதை அடித்துவிட்டு ஐந்து இடம் என்று போட்டார்.

"தப்பை யாரும் கண்டுபிடிக்கிறதுக்கு முன்னாடி நீங்களே கொண்டாந்து வச்சீங்க பாருங்க" என்றார். "அதுக்குத்தான் இந்த அஞ்சு."

செம்மொழி வெளியே வந்து, வாய்க்கால் மதகின் மேல் நின்று, ஆசை தீர ஒரு மூச்சு விட்டாள். கேண்டீனில் பேசத்தான் செய்தார்கள். இரண்டு வாரத்துக்கு எந்த மேசை காலியாக இருந்தாலும், அங்கே நூலகர் துண்டு போட்டிருக்கிறாரா என்று கேட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தார்கள். அவளும் சேர்ந்து சிரித்தாள். வெற்றி பெற்றவளுக்குச் சிரிப்பதில் என்ன கஷ்டம்.

செப்டம்பர் முதல் வாரம் ஐந்து இடங்களும் நடைமுறைக்கு வந்தன. மூன்றாம் நாள் முற்பகல் லியாகத் அலி போன் செய்து, வகுப்புக்குக் கிளம்புகிற அவசரம், தனக்காக ஒரு கட்டுரையை இறக்கி அனுப்ப முடியுமா என்று கேட்டார். செம்மொழி தன் கணினியில், பல நாளுக்குப் பிறகு, அந்தப் பக்கத்தின் வாசலுக்குப் போனாள். அது அவளை உள்ளே விடவில்லை. ஐந்து இடங்களும் நிறைந்துள்ளன, பிறகு முயலவும் என்று இரண்டே வரி வந்து நின்றது. இடமில்லை என்ற சொல்லை அவளுடைய குடும்பம் பல வாசல்களில் கேட்டிருக்கிறது. அதைக் கேட்டு மனம் நிறைந்தது அவளுக்கு இதுதான் முதல் தடவை. கண் கலங்கிவிட்டது. துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள்.

"சார், இடமில்ல. அஞ்சும் ஃபுல்லு."

"அட, யாரும்மா உக்காந்திருக்கறது?"

"நான் இல்ல சார்" என்றாள் செம்மொழி.